குட்பாஸ்ச்சர் நோய்

குட்பாஸ்ச்சர் நோய் என்பது, உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் சொந்தச் சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வையே அயற்பொருளாகக் கருதித் தாக்குவதால் உண்டாகும் ஓர் அரிய அழற்சி நோயாகும். நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நுரையீரலும் உடன் தாக்கப்பட்டு, இருமும்போது இரத்தம் வரும். ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேரில் சுமார் ஒருவருக்கே இது வருகிறது. இவ்வளவு அரிதாக இருந்தும் சிறுநீரக மருத்துவத்தில் இதற்குத் தனி இடம் உண்டு. காரணம் இதன் வேகம். பிற சிறுநீரக நோய்கள் ஆண்டுக்கணக்கில் செய்யும் சேதத்தை இது சில வாரங்களில், சிலரிடம் சில நாள்களிலேயே செய்து முடித்துவிடும். ஆனால் அந்தச் சில நாள்களுக்குள் கண்டுபிடித்துச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டால் பெரும்பாலோரின் சிறுநீரகங்களைக் காப்பாற்றிவிட முடியும்.

பெயர்

எர்னஸ்ட் வில்லியம் குட்பாஸ்ச்சர் (1886–1960) அமெரிக்காவைச் சேர்ந்த நோயியல் அறிஞர். கோழிமுட்டைக் கருவில் வைரஸ்களை வளர்க்கும் முறையை 1930களின் தொடக்கத்தில் உருவாக்கியவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் பல தடுப்பூசிகளின் தயாரிப்புக்கு வழிவகுத்த அந்தப் பணியே அவருடைய பெரிய சாதனை. எனினும் அவர் பெயர் இன்று அதிகம் சொல்லப்படுவது இந்நோயின் வழியாகத்தான்.

1918ஆம் ஆண்டின் உலகளாவிய இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோயில் இறந்தவர்களின் நுரையீரல்களை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர்களுள் 18 வயது இளைஞர் ஒருவர், காய்ச்சல் தணிந்து சில வாரங்களுக்குப் பின் நுரையீரலில் இரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்திருந்தார். அவருடைய சிறுநீரகங்களிலும் கடும் அழற்சி காணப்பட்டது. 1919இல் வெளியிட்ட கட்டுரையில் குட்பாஸ்ச்சர் இதைக் குறிப்பிட்டார். அது சிறுநீரக நோய் பற்றிய கட்டுரை அன்று, இன்ஃப்ளூயன்சா பற்றியது. 1958இல் ஆஸ்திரேலிய மருத்துவர்களான ஸ்டான்டன், டாஞ்சே ஆகிய இருவரும் இதேபோன்ற நோயாளிகள் சிலரைப் பற்றி எழுதியபோதுதான் இப்பெயரைச் சூட்டினர்.

அந்த இளைஞருக்கு இருந்தது இன்று குட்பாஸ்ச்சர் நோய் எனப்படுவதுதானா என்பது ஐயத்துக்குரியது. அவருடைய மண்ணீரலிலும் குடலிலும்கூடப் பாதிப்பு இருந்ததால், அது சிறு இரத்தக்குழாய்களைத் தாக்கும் வேறோர் அழற்சி நோயாக இருந்திருக்கலாம் எனப் பின்னாளில் பலர் கருதினர். ஆகவே இரண்டு சொற்களைப் பிரித்துப் பயன்படுத்துவது வழக்கம். நுரையீரல் இரத்தக்கசிவும் சிறுநீரக அழற்சியும் எக்காரணத்தால் சேர்ந்து வந்தாலும் அது குட்பாஸ்ச்சர் கூட்டறிகுறி. வடிகட்டிச் சவ்வுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பது உறுதியானால் மட்டுமே அது குட்பாஸ்ச்சர் நோய். நுரையீரல் பாதிக்கப்படாமல் சிறுநீரகம் மட்டும் பாதிக்கப்பட்டவர்களும் இதில் அடங்குவதால், இக்கால மருத்துவ ஏடுகள் 'அடித்தளச் சவ்வு எதிர்ப்பொருள் நோய்' என்னும் பெயரையே விரும்புகின்றன.

வடிகட்டிச் சவ்வு

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் கிளாமருலஸ் எனப்படும் நுண்ணிய இரத்தக்குழாய்ப் பந்து ஒன்று, பௌமானின் கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கிறது. இரத்தம் இங்குதான் வடிகட்டப்படுகிறது. இரத்தக்குழாயின் உட்புறச் செல்களுக்கும் வெளிப்புறச் செல்களுக்கும் இடையே அடித்தளச் சவ்வு என்னும் மெல்லிய விரிப்பு உண்டு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு. வடிகட்டியின் முதுகெலும்பு என்று இதைச் சொல்லலாம்.

இவ்விரிப்பு நான்காம் வகை கொலாஜன் என்னும் புரதத்தால் நெய்யப்பட்டது. மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு ஓர் அலகாகின்றன. அலகுகள் நுனியோடு நுனி பூட்டிக்கொண்டு வலையாகின்றன. இழைகளில் ஆறு வகை உண்டு. உடலின் பெரும்பாலான இடங்களில் ஆல்பா-1, ஆல்பா-2 இழைகளே வலையை உருவாக்குகின்றன. ஆல்பா-3, ஆல்பா-4, ஆல்பா-5 ஆகிய மூன்றும் சேர்ந்த தனி வலை, சிறுநீரகத்தின் கிளாமருலஸ், நுரையீரலின் காற்று நுண்ணறைகள், உட்செவி, கண் போன்ற சில இடங்களில்தான் முக்கியமாகக் காணப்படுகிறது. சிறுநீரகமும் நுரையீரலும் ஒன்றாகத் தாக்கப்படுவதன் விடை இங்கே இருக்கிறது. நோய் எதிர்ப்பு அமைப்பு குறிவைப்பது ஆல்பா-3 இழையின் நுனிப்பகுதியை.

தாக்குதல்

அந்த நுனிப்பகுதி இயல்பு நிலையில் வெளியே தெரிவதில்லை. இரண்டு அலகுகள் பூட்டிக்கொள்ளும் இடத்தில் அது மடிந்து மறைந்திருக்கிறது. ஏதோ ஒரு காரணத்தால் பூட்டு தளரும்போது மறைந்திருந்த பகுதி வெளிப்பட, அதை இதுவரை கண்டறியாத நோய் எதிர்ப்பு அமைப்பு பகையென எண்ணி எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. அவை இரத்தத்தின் வழியே சென்று சவ்வின் நெடுகிலும் ஒட்டிக்கொள்கின்றன. தொடர்ந்து அங்கு வெள்ளணுக்கள் குவிகின்றன; அவை வெளியிடும் நொதிகளால் சவ்வு கிழிகிறது. கிழிசல் வழியே இரத்தமும் ஃபைப்ரின் என்னும் உறைபுரதமும் பௌமானின் கிண்ணத்துக்குள் கொட்டுகின்றன. கிண்ணத்தின் உட்சுவர்ச் செல்கள் இதனால் தூண்டப்பட்டுப் பெருகி, பிறைநிலா வடிவில் அடைந்துகொண்டு இரத்தக்குழாய்ப் பந்தை நெரிக்கின்றன. மருத்துவர்கள் இதைப் 'பிறை' என்றே அழைக்கின்றனர். பிறை இளமையாக, செல்களால் ஆனதாக இருக்கும்வரை மீட்சிக்கு இடமுண்டு. அது நாராக மாறிவிட்டால் அந்த நெஃப்ரான் மீளாது.

எதிர்ப்பொருள் நோயின் விளைவு மட்டுமல்ல, அதுவே காரணம் என்பதை 1967இல் லெர்னர், கிளாசக், டிக்சன் ஆகியோர் நிறுவினர். நோயாளிகளின் சிறுநீரகங்களிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருளைக் குரங்குகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் சிறுநீரக அழற்சி வந்தது. மனிதத் தன்னெதிர்ப்பு நோய்களில் இத்தனை நேரடியான சான்று கிடைத்தவை சிலவே.

யாருக்கு வருகிறது

இந்நோய் இரண்டு வயதுக் கட்டங்களில் மிகுதியாகத் தோன்றுகிறது. முதலாவது, இருபதுகளிலும் முப்பதுகளிலும் உள்ளவர்கள். இவர்களில் ஆண்கள் சற்று அதிகம், நுரையீரல் பாதிப்பும் அதிகம். இரண்டாவது, அறுபதைக் கடந்தவர்கள். இவர்களில் பெண்கள் சற்று அதிகம், பெரும்பாலும் சிறுநீரகம் மட்டும் பாதிக்கப்படுகிறது. குழந்தைகளுக்கு வருவது மிக அரிது.

மரபுக்கூறும் உண்டு. எச்.எல்.ஏ. டி.ஆர்.15 என்னும் மரபுவகை நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. ஆனால் அந்த மரபுவகை மக்களிடையே பரவலாக இருப்பது. அதை உடையவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதேயில்லை. ஆகவே குடும்பத்தில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்கள் சோதித்துக்கொள்ள வேண்டியதில்லை. இது தொற்றும் நோயும் அன்று.

புகைபிடித்தலின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. 1983இல் வெளியான ஓர் ஆய்வில் 47 நோயாளிகள் பரிசீலிக்கப்பட்டனர். புகைபிடித்துக்கொண்டிருந்த 37 பேருக்கும் நுரையீரலில் இரத்தக்கசிவு இருந்தது. புகைபிடிக்காத 10 பேரில் இருவருக்கு மட்டுமே இருந்தது. எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தாலும், நுரையீரலின் நுண்குழாய்கள் ஏற்கெனவே புண்பட்டிருந்தால்தான் அது சவ்வை எளிதில் சென்றடைகிறது என்பது இதற்கான விளக்கம். சிகரெட், பீடி என்ற வேறுபாடு இங்கில்லை. பெட்ரோல், பெயின்ட் கரைப்பான் போன்றவற்றின் ஆவியைச் சுவாசிப்பதும், நுரையீரல் தொற்றும்கூடக் கசிவைத் தூண்டலாம். சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைத்த பின் இந்நோய் தோன்றிய நோயாளிகள் சிலரும் பதிவாகியுள்ளனர். கல்லுடைப்பு மிகப் பரவலான சிகிச்சை என்பதால், இது அஞ்சத்தக்க ஆபத்து அன்று.

அறிகுறிகள்

தொடக்கத்தில் தெரிபவை எந்த நோய்க்கும் பொருந்தக்கூடியவை. சோர்வு, பசியின்மை, குமட்டல், உடல் வெளிறுதல். பின்னர் சிறுநீர் தேநீர் அல்லது கோலா பானத்தின் நிறத்துக்கு மாறலாம், அளவு குறையலாம், காலும் முகமும் வீங்கலாம். நுரையீரல் பாதிக்கப்பட்டிருந்தால் இருமல், மூச்சுத்திணறல், சளியில் இரத்தம். இரத்தம் வெளியே வராமலேயே நுரையீரலுக்குள் கசிந்து, இரும்புச்சத்துக் குறைபாட்டு இரத்தசோகையாக மட்டும் வெளிப்படுவதும் உண்டு. நுரையீரல் கசிவு சிறுநீரகப் பாதிப்புக்குச் சில வாரங்களோ மாதங்களோ முன்னதாகவே தோன்றலாம்.

சளியில் இரத்தம் கண்டால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அது சரியான முன்னெச்சரிக்கையே. இங்கு அதுதான் பன்மடங்கு அதிகம். மழைக்காலத்தில் காய்ச்சலோடு நுரையீரல் கசிவும் சிறுநீரகச் செயலிழப்பும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சல் ஐயப்படப்படுகிறது, அதுவும் சரியே. தவறு நேர்வது அங்கேயே நின்றுவிடும்போது. சளிச் சோதனையின் முடிவுக்குக் காத்திருக்கும் நாள்களிலேயே ஒரு சாதாரண சிறுநீர்ச் சோதனையும் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவும் பார்க்கப்பட்டால் இந்நோயின் சாயல் தெரிந்துவிடும். சிறுநீரில் இரத்தச் சிவப்பணுக்களும் புரதமும் இருந்து, கிரியாட்டினின் நாளுக்கு நாள் ஏறினால், அந்நோயாளியைச் சிறுநீரகப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அன்றே அனுப்ப வேண்டும்.

கண்டறிதல்

நோயை உறுதிசெய்யும் வழிகள் இரண்டு. ஒன்று, அடித்தளச் சவ்வு எதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடுதல். சிலருக்கு நோய் இருந்தும் இச்சோதனையில் தெரிவதில்லை. மற்றொன்று சிறுநீரகப் பயாப்சி. முதுகுப்புறம் ஊசி செலுத்தி எடுக்கப்பட்ட சிறு துணுக்கை ஒளிரும் சாயத்தால் நிறமேற்றிப் பார்த்தால், சவ்வின் நெடுகிலும் எதிர்ப்பொருள் ஒரே சீராக, கோடு இழுத்ததுபோல் ஒளிரும். லூப்பஸ் போன்ற நோய்களில் இது விட்டுவிட்டு, மணிமணியாகத் தெரியும். பிறைகளின் எண்ணிக்கையையும் வயதையும் பயாப்சியே சொல்வதால், நோயாளியின் எதிர்காலத்தைக் கணிக்கவும் அது தேவைப்படுகிறது.

ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு ஆங்கா என்னும் வேறொரு தன்னெதிர்ப்பொருளும் உடனிருக்கும். இது சிறு இரத்தக்குழாய் அழற்சி நோய்களுக்குரியது. இவர்களுக்கு மூட்டுவலி, தோலில் தடிப்பு, நரம்புப் பாதிப்பு போன்றவையும் வரலாம். நோய் மீண்டும் வரும் வாய்ப்பும் இவர்களுக்கு உண்டு என்பதால் இச்சோதனை தவறாமல் செய்யப்படுகிறது.

சிகிச்சை

1970களின் நடுப்பகுதி வரை இந்நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தனர்; தப்பியவர்களில் பெரும்பாலோர் சிறுநீரகங்களை இழந்தனர். லண்டனின் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மார்ட்டின் லாக்வுட், கீத் பீட்டர்ஸ் ஆகியோரின் குழு இந்நிலையை மாற்றியது. அவர்களது எண்ணம் எளிமையானது. எதிர்ப்பொருள் இரத்தத்தின் பிளாஸ்மாவில் இருக்கிறது. எனவே பிளாஸ்மாவையே வெளியேற்றிவிட வேண்டும். அதேவேளை, புதிதாக எதிர்ப்பொருள் உருவாகாதபடி மருந்தால் தடுக்க வேண்டும். இன்றும் சிகிச்சையின் கட்டமைப்பு இதுவே.

பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையில் நோயாளியின் இரத்தம் ஓர் இயந்திரத்தின் வழியே செலுத்தப்பட்டு, பிளாஸ்மா பிரிக்கப்படுகிறது. அதற்கு ஈடாக அல்புமின் கரைசல் சேர்க்கப்பட்டு, இரத்த அணுக்கள் உடலுக்குத் திருப்பப்படுகின்றன. ஒரு முறைக்கு ஏறத்தாழ 4 லிட்டர் என, நாள்தோறும் இரண்டு வாரங்கள் அல்லது எதிர்ப்பொருள் மறையும்வரை இது தொடரும். நுரையீரலில் கசிவு இருந்தாலோ அண்மையில் பயாப்சி செய்திருந்தாலோ, அல்புமினுடன் உறைய வைத்த பிளாஸ்மாவும் தரப்படும். இல்லாவிடில் இரத்தம் உறையும் திறன் குறைந்து கசிவு பெருகும்.

உடன் தரப்படும் மருந்துகள் இரண்டு. ஸ்டீராய்டு முதல் சில நாள்கள் ஊசியாகவும், பின்னர் மாத்திரையாகவும் தரப்பட்டு, ஏறத்தாழ ஆறு மாதங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்படுகிறது. சைக்ளோபாஸ்பமைடு இரண்டு அல்லது மூன்று மாதங்கள். இது புற்றுநோய்க்கும் தரப்படும் வலிய மருந்து. வெள்ளணுக்களைக் குறைத்து நோய்த்தொற்றுக்கு வழிவிடும், சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கலாம், கருவுறுதிறனையும் பாதிக்கலாம். இளவயதினரிடம் சிகிச்சைக்கு முன்பே விந்தணு அல்லது கருமுட்டையைச் சேமிப்பது பற்றிப் பேசுவது நல்ல வழக்கம் என்றாலும், நோயின் வேகம் அதற்குப் பெரும்பாலும் நேரம் தருவதில்லை. சிகிச்சைக் காலத்தில் நோயாளிகளை அச்சுறுத்துவது பெரும்பாலும் மூல நோயைவிட நோய்த்தொற்றுகளே.

அண்மையில் கவனம் பெற்றது இம்லிஃபிடேஸ் என்னும் நொதி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்ட இது, எதிர்ப்பொருள்களைச் சில மணி நேரத்தில் இரண்டாக வெட்டிவிடுகிறது. 2022இல் வெளியான சிறு ஆய்வில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 15 பேருக்கு இது தரப்பட்டது. ஆறு மாத முடிவில் 10 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்படவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத, பதினைந்தே பேர் கொண்ட ஆய்வு என்பதால் இதை நம்பிக்கைக்குரிய தொடக்கமாக மட்டுமே கொள்ள இயலும்.

எதிர்காலம்

நோயாளியும் குடும்பத்தினரும் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: உயிருக்கு ஆபத்தா, சிறுநீரகம் திரும்புமா. இவ்விரண்டுக்கும் விடை, சிகிச்சை தொடங்கும் நாளில் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சார்ந்தது. நோயின் பெயரைவிட அந்த நாளே முக்கியம் எனலாம்.

ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 71 நோயாளிகளைப் பற்றி 2001இல் வெளியான ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. சிகிச்சை தொடங்கும்போது கிரியாட்டினின் ஒரு டெசிலிட்டருக்கு 5.7 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தவர்கள் அனைவரும் ஓராண்டுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். அவர்களில் 95 விழுக்காட்டினரின் சிறுநீரகங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. அந்த அளவைத் தாண்டியிருந்தும் உடனடி டயாலிசிஸ் தேவைப்படாதவர்களில் 83 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். சிறுநீரகம் இயங்கியது 82 விழுக்காடு. வரும்போதே டயாலிசிஸ் தேவைப்பட்டவர்களிடம் நிலைமை சரிந்தது. அவர்களில் 65 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். ஆனால் சிறுநீரகம் மீண்டது வெறும் 8 விழுக்காட்டினருக்கே. டயாலிசிஸும் தேவைப்பட்டு, பயாப்சியில் எல்லாக் கிளாமருலஸ்களிலும் பிறை காணப்பட்டவர்களில் ஒருவர்கூட டயாலிசிஸிலிருந்து விடுபடவில்லை.

இரண்டாம் குழுவுக்கும் மூன்றாம் குழுவுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் கவனிக்க வேண்டும். 82 விழுக்காடு 8 ஆகக் குறைகிறது. அந்தப் பள்ளம் பல நோயாளிகளுக்குச் சில நாள் இடைவெளிதான். எதிர்ப்பொருள் சோதனையின் முடிவு வெளியூர் ஆய்வகத்திலிருந்து வரும்வரை காத்திராமல், வலுவான ஐயம் இருக்கும்போதே மருத்துவர்கள் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையைத் தொடங்குவது இதனால்தான்.

இந்தக் கணக்கிலிருந்து கடினமான ஒரு முடிவும் எழுகிறது. நுரையீரல் கசிவு இல்லாமல், டயாலிசிஸில் இருக்கும், பிறைகள் முழுமையாக நிறைந்துவிட்ட நோயாளிக்கு வலிய மருந்துகளைத் தருவது சிறுநீரகத்தை மீட்பதைவிடத் தொற்றால் உயிருக்கு ஊறு செய்யும் வாய்ப்பே அதிகம். அத்தகையோருக்குச் சிகிச்சையைத் தவிர்த்து டயாலிசிஸை மட்டும் தொடர்வது கைவிடுதல் ஆகாது. ஆனால் நுரையீரலில் கசிவு இருந்தால் இந்த வாதம் செல்லாது. சிறுநீரகம் திரும்பாது என்று தெரிந்தாலும் உயிரைக் காக்க முழுச் சிகிச்சையும் தரப்பட வேண்டும். சரியான காலத்தில் சிகிச்சை பெற்றவர்களின் நுரையீரல் பொதுவாக நன்றாகவே தேறிவிடுகிறது.

இன்னொரு செய்தி ஆறுதலானது. பெரும்பாலான தன்னெதிர்ப்பு நோய்கள் அடங்கியும் கிளர்ந்தும் வாழ்நாள் முழுதும் தொடர்பவை. இது அப்படியன்று. எதிர்ப்பொருள் உற்பத்தி சிகிச்சையால் சில வாரங்களில் நின்றுவிடுகிறது. சிகிச்சை இல்லாவிட்டாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நிற்கும். ஆனால் அதற்குள் சிறுநீரகம் எஞ்சியிராது. ஆங்கா எதிர்ப்பொருள் இல்லாதவர்களுக்கு நோய் மீண்டும் வருவது மிக அரிது. ஆகவே அவர்கள் ஆறு மாதங்களுக்குப் பின் எதிர்ப்புத்திறன் குறைக்கும் மருந்து எதுவுமின்றி வாழ முடிகிறது. புகைபிடிப்பதை மட்டும் அறவே விட வேண்டும். தேறிய சிறுநீரகத்தில் தழும்புகள் இருக்கும் என்பதால் இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் ஆகியவை தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றன. சளித்தொல்லைக்கும் உடல்வலிக்கும் கடையில் தாமாக வாங்கும் வலிநிவாரணி மாத்திரைகள் இவர்களுக்கு ஏற்றவையல்ல.

மாற்றுச் சிறுநீரகம்

சிறுநீரகங்களை இழந்தவர்களுக்கு மாற்று அறுவை சிகிச்சை நல்ல பலன் தருகிறது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கும்போதே செய்தால் புதிய சிறுநீரகமும் அதே தாக்குதலுக்கு உள்ளாகும். எனவே எதிர்ப்பொருள் மறைந்து குறைந்தது ஆறு மாதங்கள் கழிந்த பின்னரே அறுவை செய்யப்படுகிறது. இவ்விதியைக் கடைப்பிடித்தால் நோய் புதிய சிறுநீரகத்தில் திரும்புவது அரிது. காத்திருக்கும் காலம் நோயாளிக்கும், சிறுநீரகம் தர முன்வந்த தாய்க்கோ உடன்பிறந்தாருக்கோ நீண்டதாகத் தோன்றினாலும் அதைச் சுருக்கக் கூடாது.

இதற்கு நேர்மாறான ஒரு நிலையும் உண்டு. ஆல்போர்ட் நோய் என்னும் பரம்பரை நோயில் ஆல்பா-3, ஆல்பா-4, ஆல்பா-5 இழை வலை பிறவியிலேயே சரியாக அமைவதில்லை. சிறுநீரகம் மெல்லப் பழுதடைவதோடு, உட்செவியிலும் அதே வலை தேவை என்பதால் கேட்கும் திறனும் குறைகிறது. இவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும்போது, அதிலுள்ள இயல்பான கொலாஜன் அவர்கள் உடல் ஒருபோதும் கண்டிராத பொருள். ஆகவே சிலரிடம், ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரிடம், அதற்கு எதிராக எதிர்ப்பொருள் தோன்றி, நல்ல சிறுநீரகத்தில் புதிதாக இதே அழற்சி உண்டாகிறது. பெரும்பாலும் இது மாற்று அறுவைக்குப் பின் முதல் ஆண்டுக்குள் நிகழ்வதால், அக்காலத்தில் இவர்களின் கிரியாட்டினினும் சிறுநீரும் அடிக்கடி சோதிக்கப்படுகின்றன.